அரங்குக் கதவில் ஒட்டிய சிவப்புப் பட்டை

என் அண்ணன் என்னுடைய அறையைப் பறித்துக்கொண்டான். அவனைக் கேட்டால், தங்கச்சிக்குத் தனி அறை கொடுத்து வைத்திருக்கிறேன் என்பான். கல்யாண வீடுகளில், சாவு விழுந்த துஷ்டி வீடுகளில், நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லியிருக்கிறான். கேட்டவர்கள் அவனைப் பெருமையாகப் பார்ப்பார்கள். நடந்தது என்ன என்று இப்போது நான் சொல்கிறேன்.

அப்பாவுக்குத் தென்காசியில் பலசரக்குக் கடை. குடும்பமும் அங்கேதான். குற்றாலத்தில் ஐந்தருவி போகிற சாலையில் ஒரு வீடு கட்டி, சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் நான் திரும்பி வந்தபோது அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அப்பா என்னைக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

"கிழக்கு ரூம் ஒனக்கு. வெயில் விழும், ஈரம் நிக்காது" என்றார்.

பேச்சு அவ்வளவுதான். கேட்க வேறு யாரும் இல்லை.

வீட்டின் முன்னால் பட்டாசாலை என்கிற கூடம். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வோர் அறை. பின்னால் அடுப்படி. அதை ஒட்டி அரங்கு. மூட்டையும் அண்டாவும் போட்டுவைக்கும் இருட்டறை அது, ஜன்னல் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். குற்றாலத்தில் வாடகைக்கு விடுகிற வீட்டுக்கு இரண்டு ஒழுங்கு உண்டு. ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கினால் எல்லாம் இடம் மாறும். அரிசி மூட்டை அடுப்புக்கு மேலே பரணுக்கு ஏறும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். விறகு கொல்லையிலிருந்து பட்டாசாலை மூலைக்கு வரும். உப்புச் சாடி அடுப்படியில் கை எட்டுகிற இடத்தை விட்டு அடுப்பின் ஓரத்துக்குப் போகும். வெல்லத்தையும் பழத்தையும் குரங்குக்குப் பயந்து டிரங்குப் பெட்டியில் பூட்டுவோம். அதே மாதிரி நானும் இடம் மாறுவேன். நல்ல அறை இரண்டும் வாடகைக்கு வந்தவர்களுக்கு. நான் பாயைச் சுருட்டிக்கொண்டு அரங்குக்குப் போவேன். ஆவணி கழிந்து ஆட்கள் கிளம்பியதும் அரிசி கீழே இறங்கும், விறகு வெளியே போகும், நான் கிழக்கு அறைக்குத் திரும்புவேன். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தச் சாலையில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

அண்ணனுக்குப் பினாங்கில் வேலை. லீவு கிடைத்தால் ஆடியில்தான் வருவான். அருவியில் குளிக்க வேண்டுமே. தை மாதத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆடியில் வந்தவன் ஒரு மிஷின் கொண்டுவந்தான். கைக்குள் பிடிக்கிற அளவு. மேலே ஒரு வட்டு, அதைச் சுற்றி இங்கிலீஷ் எழுத்துகள். வேண்டிய எழுத்துக்கு வட்டைத் திருப்பிக் கைப்பிடியை இறுக்கினால் 'கடக்' என்று ஒரு சத்தம். சிவப்பு பிளாஸ்டிக் நாடாவில் வெள்ளையாக எழுத்து புடைத்து நிற்கும். பின்பக்கத் தாளை உரித்து எதில் வேண்டுமானாலும் ஒட்டலாம். நான் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

"வீடா இது, சந்தைக்கடை. ஒண்ணு கேட்டா ஒண்ணு அம்புடாது. நான் ஒழுங்கு பண்ணுதேன் பாரு" என்று தொடங்கினான்.

பரணில் 'ரைஸ்'. பட்டாசாலை மூலையில் 'ஃபயர்வுட்'. அடுப்பு ஓரத்தில் 'சால்ட்'. மழை கொட்டிக்கொண்டிருந்ததால் அவனுக்கும் வேறு வேலை இல்லை. கடக், கடக் என்று வீடு முழுக்க இதே சத்தம்.

வருஷா வருஷம் சுரண்டையிலிருந்து வாடகைக்கு வருகிற ஆச்சி ஒருத்தி தலையில் எண்ணெய் வடியப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, அரிசின்னு எழுதி ஒட்டுனாத்தான் ஒனக்கு அரிசின்னு தெரியுமாக்கும்?"

"எனக்கு இல்ல ஆச்சி. வாரவங்களுக்குத் தெரியணும்லா."

"வாரவ எதுக்குலே ஒங்க அரிசிய வந்து பாக்கா?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தான்.

அறைகளுக்கு ஒட்டுகிற முறை வந்தது. இரண்டு அறைக் கதவிலும் 'கெஸ்ட்' என்று ஒட்டினான். அரங்குக் கதவைத் திறந்தான். உள்ளே என் பாய், என் சேலைகள், சுவரில் என் கண்ணாடி. கொஞ்ச நேரம் நின்று யோசித்தான். பிறகு வட்டைத் திருப்பினான்.

"ஏட்டி, இங்கன வா. இது ஒனக்கு."

'சிஸ்டர்' என்று இருந்தது. கூட வந்திருந்த அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, எட்டிப் பார்த்து, "ஒங்களுக்குன்னு ஒங்க அண்ணன் தனியா ஒரு ரூமே எழுதி வச்சிட்டாவ" என்றாள். நான் சிரித்தேன்.

அன்றைக்கு அவன் மனதில் கள்ளம் இல்லை. இதை நான் ஒளிக்க மாட்டேன். கண்ணில் பட்டதை ஒட்டினான். அவன் கண்ணில் பட்டது சீசன் வீடு.

அவன் கப்பல் ஏறிப் போனான். ஆவணி கழிந்தது. எல்லாம் அதனதன் இடத்துக்குத் திரும்பியது. 'ரைஸ்' என்ற இடத்தில் இப்போது காலிச் சாக்கு. 'ஃபயர்வுட்' மூலையில் நாற்காலி. சுவரில் ஒட்டியவை சுண்ணாம்போடு பெயர்ந்து விழுந்தன. ஜன்னல் பக்கம் இருந்த ஒன்றைக் குரங்கு உரித்துத் தின்று பார்த்துத் துப்பியது. மரத்தில் ஒட்டியவை மட்டும் வரவில்லை. அரங்குக் கதவில் இருந்ததை நான் சுரண்டவில்லை. கதவு கீறும் என்பது ஒரு காரணம். பார்க்கப் பிடித்திருந்தது என்பது இன்னொன்று. வாழப் போய்த் திரும்பி வந்தவளுக்கென்று எந்த வீட்டில் எந்தக் கதவில் எழுதுகிறார்கள்?

அப்பா அடுத்த வருஷம் இறந்துபோனார். அண்ணன் பினாங்கு வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்கே வந்தான். ஒரு மார்கழியில் அவனும் மதினியும் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்து வீட்டுக்கு வந்தார்கள். நான் கொல்லையிலிருந்து உள்ளே வரும்போது என் பெட்டியும் பாயும் பட்டாசாலையில் கிடந்தன. மதினி கிழக்கு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"இது கெஸ்ட் ரூம்லா. ஒங்க ரூமு அங்கன சும்மாதான கெடக்கு" என்றாள்.

அண்ணனிடம் போனேன்.

"இது அப்பா எனக்குக் குடுத்த ரூம், அண்ணே."

"அப்பா எப்பக் குடுத்தாவ? ஒனக்கு எந்த ரூமுன்னு நான் அன்னைக்கே ஒட்டிட்டேன்லா? நீயும் பாத்துச் சிரிச்ச."

"அது சீசன் நேரம். சீசன்ல அரிசி பரண்ல ஏறும், நான் அரங்குக்குப் போவேன். சீசன் முடிஞ்சா ரெண்டும் திரும்பி வந்துரும்."

"அரிசியும் நீயும் ஒண்ணாட்டி?"

"நீதான ரெண்டுக்கும் ஒரே மிஷின்ல ஒட்டுன."

சிநேகிதர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணன் முகம் கறுத்தது. "வந்தவங்க முன்னால என்ன பேச்சு" என்று சொல்லி வெளியே போய்விட்டான். அதன் பிறகு கிழக்கு அறைக்குப் பூட்டு வந்தது. விருந்தாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூட்டுத்தான். வெயில் அந்தப் பூட்டிய அறைக்குள் விழுகிறது. நான் பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு அரங்கில் இருக்கிறேன்.

ஆத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதை நிறைய யோசித்திருக்கிறேன். அப்பா வாயால் சொன்னார். அண்ணன் பிளாஸ்டிக்கில் சொன்னான். சொன்னது காற்றோடு போகும், ஒட்டியது நிற்கும். அந்த வீட்டில் வருஷம் முழுக்க இருந்தவளுக்கு எது எங்கே என்று எழுதி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதி ஒட்டியவன் வந்துபோகிறவன். வந்துபோகிறவன் ஒட்டினது சட்டமாகி, இருக்கிறவள் இடம் மாறினாள். தெரியாமல் ஒட்டினதை நான் மன்னித்துவிட்டேன். தெரியச் சொன்ன பிறகும் பூட்டினானே, அதை மன்னிக்கவில்லை.

அந்தப் பட்டை இன்னும் கதவில் இருக்கிறது. சிவப்பு வெளுத்துவிட்டது. எழுத்துகள் அப்படியே புடைத்து நிற்கின்றன.

அண்ணே, இதை யாராவது உனக்கு வாசித்துக் காட்டுவார்கள். வருகிற ஆனியில் உன் பேத்தி கல்யாணம். தென்காசி முழுக்க வரும். பந்தியில் வழக்கம்போலத் தங்கச்சிக்கு அறை கொடுத்த கதையைத் தொடங்குவாய். தொடங்கு. நானும் முன்வரிசையில்தான் உட்காருவேன். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு மேலே பேசு: அப்பா எனக்குக் கொடுத்தது எந்த அறை?