கேதுராஜனின் கை

என் மகன் கதையில் வரும் யாரையாவது "அவன் சாகமாட்டாம்மா" என்று சொன்னால், எப்படி என்று தேவைக்கு மேல் துருவிக் கேட்டுவிடுகிறேன். பிறகு, குழந்தையிடம் போய் ஏன் இவ்வளவு சந்தேகம் என்று என்னையே நொந்துகொள்கிறேன். இந்தப் புத்தி எட்டு வயதில், இராஜபாளையத்தில், என் தாய்மாமாவால் வந்தது.

வாடகைக்கு எடுத்துப் படித்த படக்கதைகளில் கேதுராஜன் என்றொரு வில்லன். வேற்றுக் கோளிலிருந்து வந்தவன். ராக்கெட்டிலிருந்து தள்ளினார்கள், எரிமலையில் போட்டார்கள். அடுத்த புத்தகத்தின் அட்டையில் சிரித்துக்கொண்டு நின்றான். எங்களோடு இருந்த மாமா அவன் கட்சி.

"எரிமலைக்குள்ள எப்படி மூச்சு விட்டான்?"

"அவனுக்கு மூச்சே வேண்டாம்ட்டி."

"அப்ப சுருட்டு எப்படிக் குடிக்கான்?"

மாமா அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஒரு புத்தகத்தில் ஒளிக்கதிரால் அவன் கையைத் துண்டித்தார்கள். அடுத்ததில் கை முழுசாக இருந்தது. படம் போட்டவர் மறந்துவிட்டார் என்றேன்.

"ஏட்டி கூறுகெட்டவளே. அவனுக்கு முளைக்கும். துணியச் சுத்தி நாப்பது நாள் வைக்கணும்." கட்டுப் போட்ட தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இதுலயும் ரெண்டு வெரலு மில்லுல போச்சு. முளைச்சுக்கிட்டிருக்கு."

லேசான காயம் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் எங்களுடையது. மோர் வடிகட்டுவதுகூட அதில்தான். கையில் சுற்றியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. இருவரில் ஒருவர் பொய் சொல்வதாக எனக்குப் பட்டது. மாமா மதியம் தூங்கும்போது நூலை வைத்து அவர் கைக்கட்டை அளந்தேன். நாள்தோறும் அளந்தேன். வளரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போவதென்று முடிவானது. அடுக்களையில் அம்மாவின் தாழ்ந்த குரல் கேட்டது: "கல்யாணம் முடியட்டும்லே, பொறவு சொல்லிக்கிடலாம்." "மறைச்சுக் கட்டச் சொல்லுதியாக்கா?" என்றார் மாமா. என்னை வீட்டில் விட்டுப் போகத்தான் அம்மா நினைத்தாள். நான் வந்தே ஆகவேண்டும் என்று மாமா பிடிவாதம் பிடித்தார்.

பெண் கொடுத்த காப்பியை மாமா இடது கையால் வாங்கினார். அவள் அப்பா மாமாவின் கைக்கட்டைப் பார்த்தார்.

"கையில என்ன?"

"லேசான காயம்தான் அண்ணாச்சி," என்றாள் அம்மா.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, கேதுராஜன் கை எப்படி முளைச்சுதுன்னு இவுகளுக்குச் சொல்லு."

எத்தனையோ நாளாகக் காத்திருந்தவள் நான். "அதெல்லாம் பொய் மாமா. நாப்பது நாள் ஆயிருச்சு, ஒங்களுக்கு ரெண்டு வெரலும் இன்னும் முளைக்கவே இல்லியே," என்றேன்.

அந்தப் பெண் மாமாவின் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று அவள் அப்பா எழுந்துகொண்டார். அவர்கள் ஊரே அதுதான் என்பதைக்கூட மறந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு வரை அம்மா என் தோளைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். மாமாவோ பால்கோவா வாங்கி, பொட்டலத்தை முழுசாக என் மடியில் வைத்தார். தப்புச் செய்தவளுக்கு எதற்கு இனிப்பு? அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"கேதுராஜன் இந்தத் தடவை செத்துட்டானா மாமா?"

"இல்லட்டி. பொழைச்சுக்கிட்டான்."

அப்படிச் சிரித்து அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் நம்பவில்லை. அவர் கட்டுத் துணிக்குள் விரல்களைத் தொட்டுப் பார்த்து எண்ணினேன். மூன்றுதான் இருந்தன.