முனியாண்டி கோயிலடி மண்ணும் காதர் பாயின் ரிப்போர்ட்டும்

காதர் பாய் காலமாகிவிட்டார் என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. துக்கத்தால் அல்ல. செய்தியை அனுப்பியவர் செல்வராஜூ என்பதால். உயிரோடு இருக்கும் சினிமா நடிகர் ஒருவரைப் போன வருடம் மட்டும் இரண்டு முறை கொன்ற ஆள் அவர். அதனால் நேராகப் பாயின் கைப்பேசிக்கே அழைத்தேன். எடுத்து, "என்னண்ணே, நான் செத்துட்டேன்னு யாரு சொன்னா?" என்று அவரே சிரிப்பார் என்று நினைத்தேன். எடுத்தது அவர் மனைவி.

"உண்மைதாண்ணே. சுபுஹு தொழுதுட்டு கொஞ்ச நேரம் படுக்கிறேன்னாங்க. எந்திரிக்கல," என்றார். பிறகு, "நீங்க நம்பாம போன் பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்லா," என்றார்.

செல்வராஜூ அந்தச் செய்தியின் அடியில் இன்னொரு வரியும் சேர்த்திருந்தார். "நல்ல மனுசன். அந்த ஒரு ரிப்போர்ட்டுலதான் தப்பு பண்ணிட்டாரு." அதற்கும் ஐந்து பேர் கைகூப்பியிருந்தீர்கள். செமோர் பக்கத்தில் பழைய ரப்பர் தோட்டத்தில் மிஞ்சிக் கிடக்கும் அந்தத் துண்டு நிலத்தில் அவரோடு காய்கறி பயிரிட்ட எட்டுக் குடும்பத்தாரே, இந்த அஞ்சலியை நான் எழுதுவது அந்த ஒரு வரிக்காகத்தான். மற்றபடி பாயைப் புகழ எனக்குத் தெரியாது. நான் அவரைப் பல காலம் சந்தேகப்பட்டேன். அவரும் என்னைச் சும்மா விடவில்லை.

அவர் முதன்முதலில் நம் நிலத்துக்கு வந்த காலை உங்களுக்கு நினைவிருக்கும். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, யாரிடமும் கேட்காமல் என் பாத்தியில் குந்தி ஒரு பிடி மண்ணை எடுத்தார். போத்தல் தண்ணீரை அதில் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்தார். கட்டைவிரலால் நாடா போல நீட்டித் தள்ளினார். விரலளவு நீண்டு அறுந்தது. முகர்ந்து பார்த்தார். அதுவரை என் மண்ணை யாரும் முகர்ந்ததில்லை. நானும் செல்வராஜூவும் தகரக் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாரு மச்சான் இது?" என்றேன்.

"ஜெலாப்பாங்குல இருக்காரு. தோட்டக் கம்பெனி லேப்ல முப்பது வருசம் மண்ணு பாத்தவராம். அண்ணன் ஈப்போல சாப்பாட்டுக் கடை வச்சிருக்காரு."

எனக்கு அது போதும். அண்ணன் கடை வைத்திருக்கும்போது தம்பி ஏன் மண்ணை முகர வேண்டும்? அதுவும் கம்பெனி ஆள். நம் நிலமோ கம்பெனியுடையது. வருடா வருடம் அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் நமக்குப் பாத்தி. கையுறைத் தொழிற்சாலையில் வேலை ஓய்ந்த பிறகு, என் பேச்சை யாராவது காது கொடுத்துக் கேட்கிற ஒரே இடம் அந்த நிலம்தான். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

ஓரத்தில் யாருக்கும் வேண்டாத பாத்தியை அவருக்குக் கொடுத்தோம். இரண்டாவது வாரமே மோட்டார் சைக்கிளில் சாக்கு சாக்காக எதையோ கொண்டுவந்து கொட்டினார். அவர் போன பிறகு நான் கிளறிப் பார்த்தேன். அண்ணன் கடையின் தேயிலைச் சக்கை, தேங்காய்ப்பூ, முட்டை ஓடு. அடப்பாவி, கடைக் குப்பையை நம் தலையில் கட்டுகிறானே என்று கொதித்தேன். மறுநாள் கேட்டேவிட்டேன்.

"பாய், இது நிலமா, குப்பைக் கூடையா?"

"அண்ணே, நீங்க மண்ணுக்கு மருந்துதான் குடுக்குறீங்க. அது சோறு தின்னு எத்தன நாளாச்சு?" என்றார். சக்கையை மண்ணில் கலந்து, மேலே வெட்டிய லாலான் புல்லைப் பாய் போல விரித்தார். நாம் களையைக் கூட்டி எரிப்பதைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "எரிக்காதீங்க. மண்ண அம்மணமா மழையில நிறுத்தாதீங்க," என்று கத்துவார்.

அந்த மாதம் பெய்த பெருமழையில் என் பாத்தியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஓடி, ஓரத்து வாய்க்காலான காண் நிறைந்தது. அவர் பாத்தியிலிருந்து வந்த தண்ணீர் கொஞ்சம், அதுவும் தெளிவு. பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வாட்டத்தை மாற்றி வெட்டி அவர் பங்குத் தண்ணீரையும் என் பக்கம் திருப்பிவிட்டார் என்று. சங்குல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழையிலேயே போய்த் தேடினேன். எந்த வெட்டும் இல்லை. புல்லுக்கடியில் கை வைத்தால் மண் பொதபொதவென்று தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. யாரையும், எதையும் நம்பமாட்டார். உரமூட்டையில் எழுதியிருப்பதை நான் படித்துக் காட்டினால், "மூட்டையில எழுதினவன் உங்க பாத்திய வந்து பாத்தானா?" என்பார். இலை மஞ்சளானால் யூரியா போடச் சொல்வோம். "மஞ்சளுக்கு ஆயிரம் காரணம் இருக்குலா. யூரியா மேல யூரியா போட்டா அமிலம் ஏறிப் புளிச்ச மண்ணு இன்னும் புளிக்கும்," என்பார். ஆய்வுக்கூடத்தின் அறிக்கையை மட்டும் மதிப்பார். அதையும் முழுதாக அல்ல. "ரிப்போர்ட்டு பொய் சொல்லாதுண்ணே. மண்ணு எடுத்துக் குடுத்த ஆளு சொல்லுவான்," என்று அவர் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. தோட்டத்தில் கங்காணிகள் மலை ஏறச் சோம்பல்பட்டு, ஆபீஸ் வாசலிலேயே மண்ணைத் தோண்டி முப்பது பைகளில் போட்டு அனுப்புவார்களாம். பை பிரித்துப் பிரித்துப் பழகிய கை அவருடையது.

பிறகு கம்பெனியிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. நிலம் பயிருக்கு ஏற்றதுதானா என்று வருடக் கடைசியில் ஆள் வந்து பார்த்த பிறகே மறுபடி கையெழுத்து என்று எழுதியிருந்தார்கள். நாம் எல்லோரும் வெலவெலத்துப் போனோம். பாய்தான் சொன்னார்: "அவங்க வர்றதுக்கு முன்னால நம்ம மண்ண நாமே பாத்துருவோம். ரிப்போர்ட்டு நமக்கு மட்டும்தான்." எட்டுப் பாத்தியிலும் வளைந்து வளைந்து நடந்து, பதினைந்து இடத்தில் சாண் ஆழத்துக்கு மண் எடுத்து, ஒரே வாளியில் கலந்து, அதிலிருந்து ஒரு பை. அதை நிழலில் உலர்த்திக் கொடுக்க வேண்டும். மண் துளைக்கும் இரும்புக் கம்பியை அவர் நீட்டியபோது, நான் எடுக்கிறேன் என்று பாய்ந்து வாங்கினேன். அவர் முழங்கால் வலிக்கு இரங்கினேன் என்று நீங்கள் என்னைப் பாராட்டினீர்கள்.

முழங்காலுக்காக நான் வாங்கவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. ரிப்போர்ட் நமக்கு மட்டும் என்று அவர் சொன்னதை நான் துளிகூட நம்பவில்லை. மண் மோசம் என்று வந்தால் அந்தக் காகிதம் மறுநாளே கம்பெனி மேசையில் இருக்கும், நம் கதை கந்தல் என்று நினைத்தேன். அதனால் மறுநாள் காலை யாரும் வருமுன் முனியாண்டி கோயிலடிக்குப் போனேன். வருடப் பூசைக்கு ஆட்டுக்கறி சமைக்கும் அடுப்புச் சாம்பலைக் காலங்காலமாகக் கொட்டும் இடம் அது. மண் கருகருவென்று, மண்புழு நெளிய, கேக் மாதிரி இருக்கும். சாமி மண், தோற்காது என்று ஒரு தைரியம் வேறு. எட்டுப் பாத்தியின் பெயரால் அந்த ஓர் இடத்து மண்ணைப் பையில் அடைத்துப் பாயிடம் கொடுத்தேன். அவர் பையைப் பிரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்லா காஞ்சிருக்கு," என்று மட்டும் சொன்னார்.

ரிப்போர்ட் பிரமாதமாக வந்தது. புளிப்பே இல்லை, அதனால் சுண்ணாம்பு தேவையில்லை என்று இருந்தது. நீங்கள் கைதட்டினீர்கள். சுண்ணாம்பு போடாமலே எல்லோரும் பயத்தங்காய் விதைத்தோம். ஐந்தாவது வாரம் எட்டுப் பாத்தியும் மஞ்சள். பிடுங்கிப் பார்த்தால் வேர் கருகிய மாதிரி குட்டையாகச் சுருண்டிருந்தது. கொட்டகையில் கூட்டம் போட்டு அவரை நடுவில் நிறுத்தினோம். அதிகம் கத்தியது நான்தான். "கம்பெனி சோறு தின்ன ஆளு வேற எப்படி இருப்பான்?" என்றேன். உங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தப்பு நடந்திருக்கு. என் ரிப்போர்ட்டுதான். மறுபடி எடுப்போம்," என்றார்.

மறுநாள் காலை அவர் என்னை மட்டும் கோயிலடிக்குக் கூட்டிப்போனார். நான் கம்பி இறக்கிய ஓட்டைகள் மூடாமல் அப்படியே இருந்தன. முட்டாள், மூடக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவர் பக்கத்தில் குந்தினார்.

"மாணிக்கண்ணே, முனியாண்டிக்கு மண்ணு நல்லாத்தான் இருக்கு. நமக்குத்தான் இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பையில கரித்துண்டு கெடந்துச்சு. அன்னைக்கே தெரியும். நீங்க குடுத்ததுக்கு அப்புறம் நானும் எட்டுப் பாத்தியிலயும் எடுத்து இன்னொரு பை அனுப்பிட்டேன்," என்று சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மண் நன்றாகப் புளித்திருந்தது. பாத்திக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று ஓரத்தில் அவரே எழுதியிருந்தார்.

"தெரிஞ்சும் ஏன் பாய் சொல்லல?" என்று கேட்டேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லைதான்.

"நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன். நீங்க கம்பெனிக்கு வேல செய்றீங்களோன்னுகூட நெனச்சேன். அதுதான் என் தப்பு. நான் உங்கள சோதிச்சுக்கிட்டு இருந்தேன், அங்க பயிரு செத்துக்கிட்டு இருந்துச்சு," என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். இரண்டு சந்தேகப் பிராணிகளுக்கு நடுவே உங்கள் பயத்தங்காய் போய்ச் சேர்ந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்பு தூவிக் கொத்தினோம், புல் போர்த்தினோம், தேயிலைச் சக்கையை நானே அவர் மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கினேன். வருடக் கடைசியில் கம்பெனி ஆள் வந்தபோது கொடி பந்தலை மூடியிருந்தது. கையெழுத்து விழுந்தது, அதற்குப் பிறகும் விழுந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது, பாய் அந்த ஓட்டைகளைத் தன் காலாலேயே மூடிவிட்டு வந்தார் என்பது. "போலாம்ணே, வெயில் ஏறுது," என்றார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் அவரைக் கேலி செய்த ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் சிரித்துக்கொள்வார். நானும் சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது.

அவரை அடக்கம் செய்த மையவாடியில் ஆளாளுக்கு மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். முதல் பிடியை எடுத்ததும் என் கட்டைவிரல் தானாகவே அதை நீட்டித் தள்ளிப் பார்த்தது. விரலளவு நீண்டு அறுந்தது. சீச்சீ, என்ன காரியம் செய்கிறோம் என்று நிமிர்ந்தால், எதிரே செல்வராஜூ தன் பிடியை முகர்ந்துகொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அங்கேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவருடைய துளைக்கம்பியை அவர் மனைவி என்னிடம் கொடுத்தார். "உங்களுக்குத்தான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாங்க," என்றார். அதை என் வீட்டில் வைக்கவில்லை. கொட்டகையில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கம்பியும் அவருடைய நம்பாத கண்ணும்தான். இத்தனை நாள் அந்தக் கண்ணால் அடுத்தவனை மட்டுமே பார்த்துவந்தேன். அடுத்த மாதம் மறுபடி மண் எடுக்க வேண்டும். இதையெல்லாம் படித்த பிறகும் என்னை நிலத்தில் விடுவீர்கள் என்றால், பதினைந்து இடத்திலும் நானே கம்பி இறக்குகிறேன். ஆனால் எனக்குத் தெரியாமல் உங்களில் ஒருவர் இன்னொரு பை எடுத்து அனுப்பிவிடுங்கள்.