தாய்ப்பால் சேராத பிள்ளை

பச்சைப்பிள்ளைகள் வார்டில் ஆயாவாக இருந்தபோது, வயிற்றால் போகிற பிள்ளைகளைக் கண்டால்தான் எனக்கு அதிகப் பயம். காலையில் தூக்கியபோது இருந்த கனம் மத்தியானம் இருக்காது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஷைனியின் பிள்ளையைப் பற்றி எழுதுகிறேன்.

ஷைனி கடற்கரைக்காரி. பிள்ளை தாய்ப்பால் குடித்த மறுநாளே தண்ணீராகப் போக ஆரம்பித்தது. மூத்திரம் என்றே முதலில் நினைத்தோம். உடம்பில் நீர் வற்றி உச்சிக்குழி உள்ளே இறங்கிவிட்டது. டாக்டரம்மா பாலை நிறுத்தி டிரிப் போட்டார், நின்றது. பால் கொடுத்தால் திரும்பவும் போனது. மறுபடி நிறுத்திவிட்டு, "வாயில ஒரு சொட்டு படக்கூடாது" என்று சொல்லிப் போனார்.

அன்று மத்தியானம் துணி மறுபடி நனைந்தது. வாய்க்கு ஒன்றும் போகாமலே இப்படிப் போனால் அது வேறு நோய், பிழைப்பது கஷ்டம் என்றார் சிஸ்டர். துணியை உருவும்போது பிள்ளையின் கழுத்துப் பக்கம் எறும்பு ஊர்ந்தது. சிஸ்டரிடம் விரலால் காட்டினேன்.

"ஆரு சீனித்தண்ணி குடுத்தது?" சிஸ்டர் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பியது.

ஷைனியின் மாமியார் மரியபுஷ்பம் எழுந்தாள். "மாதாவாண நான் குடுக்கல. எறும்பு வந்தா நானா பொறுப்பு? தூத்துத் தொடைக்கதுக்குத்தானே இவளுக்குச் சம்பளம்?" என்று என்னைக் காட்டினாள்.

டாக்டரம்மா வந்து ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "உங்கள ஆரும் ஏசமாட்டாங்கம்மா. நீங்க குடுத்திருந்தா பிள்ளைக்கு நல்லது. குடுக்கலைன்னாதான் எனக்குப் பயம்."

மரியபுஷ்பத்துக்கு உதடு கோணியது. "தொண்ட காஞ்சு கெடந்துல்லா டாக்டரே. துணியில நனச்சு நாலு சொட்டு விட்டேன்."

"ஷைனி கல்யாணம் சொந்தத்துல இல்ல, அந்நியத்துலன்னு சொன்னீங்களே, நெசந்தானா?"

கட்டிலில் இருந்து ஷைனி சொன்னாள்: "மாமி, நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?"

"இவளுக்க அப்பன் எனக்க கூடப்பொறந்தவன்" என்றாள் மரியபுஷ்பம். "என்னையும் சொந்தத்துலதான் கெட்டிக்குடுத்தாவ. எனக்க தலச்சன் பிள்ளையும் இப்பிடித்தான் வயித்தால போயி செத்துப்போச்சு. வெளிய தெரிஞ்சா சாபம் பிடிச்ச குடும்பம்னு சொல்லுவாவ. எனக்க எளைய மவளுக்கு ஒரு சம்பந்தம் வருமா?"

"சாபமில்ல, ஜீன்" என்றார் டாக்டரம்மா. குடலில் சீனியை உள்ளே எடுக்க ஒரு வாசல் உண்டாம். இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே அது திறக்காது. தாய்ப்பாலிலும் அந்தச் சீனிதான். அப்பனிடமிருந்து ஒரு பழுது, அம்மையிடமிருந்து ஒரு பழுது, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உள்ளவர்கள் நம்மைப் போல நடமாடுவார்கள்.

அந்தச் சீனி இல்லாத பால்மாவு திருவனந்தபுரத்திலிருந்து வந்தது. போக்கு நின்றது. ரத்தத்தை ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அதிலும் இந்த நோய்தான் என்று உறுதியாயிற்று. ஷைனி மார்பில் கட்டிய பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் விட்டு அழுதாள்.

"அடுத்ததுக்கும் வருமா டாக்டரே?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் நாலுல ஒரு பங்கு பயம் உண்டு. உண்டானதும் வந்து சொல்லணும்."

வார்டில் யாரிடமாவது பிள்ளைக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்கும்போது சத்தம் போடாதீர்கள். பயந்தவர்கள் மாதாவின் பேரிலும் பொய் சொல்வார்கள். மரியபுஷ்பம் இல்லை என்றே நின்றிருந்தால், பிள்ளைக்கு வேறு நோய் என்று எழுதியிருப்பார்கள். பிள்ளையின் உடலைப் பொதிந்து கொடுக்க அலமாரியிலிருந்து வெள்ளைத்துணி எடுத்திருப்பது நானாகத்தான் இருந்திருக்கும்.