கசங்காத கவுனும் காதுகுத்தும்

இன்று ஸ்ரீரங்கத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து.

மூவுலகும் கண்டிராத தாய்மாமன் சீராக, பெரிய கடைவீதியில் ரோஜா நிறக் கவுன் ஒன்று வாங்கிப் போனேன். "இப்ப புதுசா வந்திருக்குங்க. மருந்து போட்ட துணி, யானை மிதிச்சாலும் கசங்காது" என்றிருந்தார் கடைக்காரர்.

பெட்டியைத் திறந்ததும் தங்கை மூக்கைச் சுளித்தாள். "என்னண்ணா, உங்க காலேஜ் லேப்ல தவளை ஊறுற ஜாடி மாதிரி வாசனை வருது. ஒரு தடவை அலசிட்டுப் போடட்டுமா?"

"சீர்த்துணியை நனைக்கிறதாவது. மஞ்சள் தடவி அப்படியே போடு" என்று சக்கரவர்த்தியைப் போல ஆணையிட்டேன்.

ஆசாரி வருவதற்குள் குழந்தையின் கழுத்தும் முதுகும் சிவந்து தடித்துவிட்டன. அவள் அழுத அழுகையில் காவிரி, கொள்ளிடம் இரண்டும் கரை புரண்டிருக்கும். தங்கை கவுனைக் கழற்றிவிட்டு, பலமுறை துவைத்துப் பஞ்சாகிப்போன பருத்திச் சட்டையை மாட்டினாள். அழுகை நின்றது. நான் கையை நீட்டியதும் மறுபடி ஆரம்பித்தது.

என் மடியில் நடக்க வேண்டிய காதுகுத்து, அவளுடைய அப்பா மடியில் நடந்தது. நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைக்கு இருப்பது இரண்டே காது. இரண்டும் குத்தி முடிந்துவிட்டது.

புதுத்துணியை அலசிப் போட்டுக் கெட்டுப்போன குடும்பம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.