விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடு

என் அக்காவைத் தொழில் வட்டாரத்தில் "பாட்டில்கார அம்மா" என்பார்கள். சோப்பு, சென்ட், தலைக்கு எண்ணெய் என்று கம்பெனிகள் விற்கிற சாமான்களை விளம்பரத்துக்குப் படம் எடுப்பவள். பாட்டிலில் கேமராவும் எங்கள் முகமும் தெரியாமல் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கையுறை மாட்டிக்கொண்டு ஒரே பாட்டிலை அரை மணி நேரம் துடைப்பாள். சோப்பு நுரை நாலு நிமிஷத்தில் அமுங்கிவிடும். அதற்குள் எடுத்து முடித்திருப்பாள். கேமராவுக்குப் பின்னால் புலி. விலை என்று வந்தால் மட்டும் பூனை.

"படத்துக்கு ரெண்டாயிரம்" என்பாள். எதிரில் இருப்பவர் மூச்சு விடுவதற்குள், "ஆயிரத்து ஐந்நூறுன்னாலும் பரவாயில்ல" என்பாள். அவர் தலையைச் சொறிந்தால் போதும், ஆயிரம். லைட்டைத் தூக்கிக்கொண்டு கூடவே போகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சோப்புக் கம்பெனி முதலாளிக்கு மூன்று வருஷமாக ஆயிரம்தான். எங்கள் வருமானத்தில் பாதி அவரிடமிருந்துதான் வருகிறது. போன மாதம் அக்கா எடுத்த படம் ஒன்று ஒரு பஸ்ஸின் முதுகில் ஆளுயரத்துக்குப் போவதைப் பார்த்தோம். அட்டைப்பெட்டியில் அச்சடிக்க என்று ஆயிரத்துக்கு வாங்கிய படம்! அன்றே முடிவு செய்தோம். பெட்டிக்கு எடுக்கிற படத்துக்கு இனி மூவாயிரம். பஸ்ஸிலோ தெருவிலோ பெரிதாக வைத்தால் வருஷத்துக்குத் தனியாகப் பத்தாயிரம். அவர் மாட்டேன் என்றால் ஸ்டுடியோ வாடகைக்கே திண்டாட்டம்.

"போனா போகட்டும்டி," என்றாள் அக்கா. சொல்லும்போதே முகம் வெளிறிவிட்டது.

"விலையைச் சொன்ன உடனே ஒரு வாய் தண்ணி எடுத்துக்கோ. அவர் பேசுற வரைக்கும் முழுங்காத."

"விளையாடுறியா?"

"உன் வாய்க்கு வேற பூட்டு இல்லக்கா."

முதலாளியின் மேஜையில் புது சோப்புகள் அடுக்கியிருந்தன. அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு விலையையும் சொன்னாள், நன்றாகவே சொன்னாள். உடனே தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தாள். கன்னம் உப்பியது.

முதலாளி ஒரு சோப்பை எடுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். அக்காவின் கை மெல்ல மேலே எழுந்தது. வாய் பேசாவிட்டால் என்ன, விரலைக் காட்டியாவது குறைத்துவிடுவாள் என்று புரிந்து, மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"சரிம்மா. எழுதிக் குடுங்க. பஸ்ல போட்டதையும் சேர்த்துக்கோங்க."

விழுங்கியதில் அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "உங்களுக்கு... அதிகமாத் தெரியலையா சார்?"

அவள் காலை ஓங்கி மிதித்தேன்.

"இதுல என்னம்மா அதிகம்? எங்க ஷாம்புவுக்கு எடுக்குறவரு நாலாயிரம் வாங்குறாரு. நீங்க ஆயிரம்னீங்க. கூட வாங்கிக்கோங்கன்னு நானா சொல்ல முடியும்?"

மூன்று வருஷம்! அக்கா கைக்குட்டையை எடுத்து நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கும் நாலாயிரம் சார்."

"இப்பதானேம்மா மூவாயிரம்னீங்க?"

"அது உங்க ஷாம்பு ரேட்டு தெரியுறதுக்கு முன்னாடி."

இவள் என் அக்காதானா? எனக்குப் பெருமையில் கண் கலங்கிவிட்டது. முதலாளி சிரித்துக்கொண்டே பேனாவை அவள் பக்கம் தள்ளினார்.