பஸ் ஸ்டாண்டுக் காட்டில் பட்டுப்போன கன்றுகள்

1. கருகிய காலை

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தில் ஒரு சின்னக் காடு வளர்க்கச் சொன்னார்கள் வனத்துறையில். நான் அதற்கு பிளாட் வாட்சர்; கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் காவல் பார்க்கிற வேலை. நாவல், இலுப்பை, மகிழம் என்று நெருக்கி நட்டோம். மூன்றாம் மாதம் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பாதிக் கன்றுகள் கருகி நின்றன.

காரணம் எனக்குத் தெரியும். நல்ல தண்ணீரை ஊருணியிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவர வேண்டும், தினம் எட்டு நடை. இடுப்பு விட்டுப்போனது. பதினைந்து நாளாகப் பக்கத்து போர்வெல்லில் உப்புத் தண்ணீரைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ரேஞ்சர் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. "என்னய்யா இது, சுடுகாடு மாதிரி நிக்கிது?"

வேலிக்கு வெளியே பாப்பாத்தியின் ஆடுகள் மேய்ந்தன. அவள் ஸ்டாண்டில் வெள்ளரிக்காய் விற்பவள்.

"ஆடு கடிச்சிருச்சு சார்" என்றேன்.

அப்படியே ரிப்போர்ட் எழுதச் சொன்னார், எழுதினேன். சாயங்காலமே அவளுடைய மூன்று ஆடுகளையும் ஒரு குட்டியையும், திரியும் ஆடுமாடுகளைப் பிடித்துவைக்கிற பவுண்டில் அடைத்துவிட்டார்கள்.

2. மெமோ

எதிரே டீக்கடை வைத்திருந்த ஜபருல்லா, பெரியபட்டினத்துக்காரர். மறுநாள் கிளாஸை வைத்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார்:

"அண்ணே, ஆடு கடிச்சா குச்சியில பல்லுத்தடம் இருக்காதா? நீங்க போர்ல தண்ணி பிடிச்சத நான் இங்கன இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். இரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் நாள் ரேஞ்சரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"எழுதுனது எழுதுனதுதான்யா. என்னையும் சேத்து மாட்டிவிடாத. போய் வேலையப் பாரு."

அங்கேயே உட்கார்ந்து, தவறு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு மெமோ வந்தது. ஆடுகளை விட்டார்கள். குட்டி மட்டும் பவுண்டிலேயே செத்துப்போயிருந்தது.

3. மறுநடவு

அடுத்த மழைக்கு உடை, பூவரசு, விடத்தலை நட்டேன். எல்லாம் உப்புக்கு அசராதவை. சில வருஷத்தில் தலைக்கு மேல் வளர்ந்தன. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அந்த நிழலில் ஒதுங்கினார்கள். பாப்பாத்தி மட்டும் கூடையோடு எதிர்ப்பக்கம் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒருநாள் போய்க் கூப்பிட்டேன். "அந்த நெழல்ல வந்து உக்காரலாம்ல, பாப்பாத்தி?"

அவள் நிமிரவில்லை. "ஆடு வந்துருச்சுண்ணே. கன்னுகள்ல ஆட்ட அவுத்துவிட்டு மேய்க்கிறவளுன்னு ஊரே பேசுச்சே, அந்தப் பேரு போகலையே. எனக்கு வெயிலே போதும்."

நான் ஓய்வு பெறும்வரை அவள் அந்தப் பக்கம் வரவே இல்லை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கன்று பட்டுப்போனால், பட்டுப்போனது என்று எழுதுங்கள். உடம்பு முடியவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.