மூன்றாவது ஃபீட் பம்பும் போன கதை

1. போன் வந்தது

"அக்கா, மூணாவது பம்பும் போயிடுச்சு. இப்ப என்ன சொல்றீங்க?"

செல்வராஜ் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை. அவன் குரல் அடங்கிப் போயிருந்ததில்தான் எனக்குப் பகீரென்றது.

பாபநாசத்தில் டிராக்டருக்கும் அறுவடை வண்டிக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை எங்களுடையது. கவுண்ட்டரில் நின்று நின்றே தலை நரைத்தவள் நான். செல்வராஜ் சொந்தமாக ஒரு பெல்ட் வண்டி வைத்திருக்கிறான். சக்கரத்துக்குப் பதில் பெல்ட் மாட்டி, சேற்றிலும் இறங்கி நெல் அறுக்கிற வண்டி அது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து இன்ஜின் பக்கம் தள்ளுகிற ஃபீட் பம்புதான் அதில் திரும்பத் திரும்பப் போனது.

அன்றைக்கு வண்டி படுத்துக்கொண்டது திருவாரூர் பக்கம், அவன் மனைவி லூர்துவின் தம்பி வயலில். மழையில் சாய்ந்த நெல் தண்ணீரில் கிடந்தது.

"கதிர்லயே முளை விட ஆரம்பிச்சிடுச்சுக்கா. இன்னிக்கு அறுக்கலன்னா மாட்டுக்குத்தான் போடணும். வேற வண்டி எதுவும் காலியா இல்ல. மச்சான் மூஞ்சிய என்னால பாக்க முடியல" என்றான்.

2. நான் கொடுத்த பம்பு

வயலில் ஓடுகிற வண்டிக்குப் பம்பு வாங்க வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, பெட்டிக்குக் காசு கொடுக்காதீங்க என்பதுதான். வண்டிக் கம்பெனிக்குப் பம்பு செய்து கொடுக்கிறவர்களே அதே பம்பைத் தங்கள் பெயரிலும் விற்பார்கள். விலை குறைவு, உழைப்பு அதே உழைப்பு. அதற்கும் கீழே போய் லோக்கல் சரக்கு வாங்கினால் ஸ்ப்ரிங் ஒரு அறுவடைக்குக்கூடத் தாங்காது. கையில் வாங்கிப் பாருங்கள். டீசல் உள்ளே வரும் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு பம்பின் கைப்பிடியை அமுக்கினால், அது விரலைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வண்டியோடு வந்த பம்பு போனபோது செல்வராஜுக்கு அப்படிப் பார்த்துத்தான் கொடுத்தேன். அதுவும் சீக்கிரமே போனது. "சீப்பா கொடுத்து ஏமாத்திட்டீங்க" என்று கடையில் நாலு பேர் முன்னால் சொன்னான். எனக்கு மானமே போயிற்று. வீம்புக்குக் கம்பெனிப் பெட்டியோடு இருந்த பம்பை வாங்கிப் போனான். இப்போது அதுவும் போய்விட்டது. விலை கூடினதும் போகிறது, குறைந்ததும் போகிறது என்றால் கோளாறு பம்பில் இல்லை. கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, ஒரு பம்பையும், டீசலில் கலந்த தண்ணீரைப் பிரித்து நிறுத்துகிற வாட்டர் செப்பரேட்டர் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு நானே கிளம்பினேன்.

3. வயலில் கண்டது

பழைய பம்பைக் கழற்றி என் கையில் கொடுத்தான். உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. டேங்குக்கு அடியில் இருக்கிற பிளக்கைத் திறக்கச் சொன்னேன். டீசல் வரவில்லை. தண்ணீர் கொட்டியது.

"தண்ணியப் பிடிச்சு வைக்கிற செப்பரேட்டர் எங்கப்பா?"

"அடிக்கடி அடைச்சுக்குதுன்னு போன வருசமே கழட்டிட்டு நேரா ஓஸ் போட்டுட்டேன்."

"உன்ன என்ன செஞ்சா தகும்?" என்றேன். வேறு வார்த்தைகளும் சொன்னேன், அவை இங்கே வேண்டாம்.

"தண்ணி கலந்து விக்கிறான்க்கா பங்க்காரன்" என்று போனை எடுத்தான். "சண்டைய அப்புறம் போடு" என்று அடக்கினேன். டேங்கைக் கழுவி, செப்பரேட்டரை மாட்டி, நான் கொண்டு போன விலை குறைந்த பம்பையே பொருத்தி, புது டீசல் ஊற்றினோம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவன் கை கழுவ வாய்க்காலுக்குப் போனான். அதுவரை வரப்பில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்த லூர்து எழுந்து வந்தாள். டேங்க் மூடியைத் திறந்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். மடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து உள்ளே கவிழ்த்தாள்.

பாதி பாட்டில் இறங்கிய பிறகுதான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"என்னம்மா ஊத்துற?"

"தீர்த்தம்க்கா. கோயில்ல மந்திரிச்சு வாங்கினது."

"டேங்க்லயா?"

"வண்டி எடுத்தப்ப சாமியார் வெளியிலதான தெளிச்சாரு. உள்ள ஓடுறதுக்கும் வேணும்ல? மாசாமாசம் முதல் வெள்ளியன்னிக்கு ஒரு மூடி ஊத்துவேன். பம்பு போக ஆரம்பிச்சதும் மாத்துறப்பல்லாம் கொஞ்சம் கூடுதலா ஊத்துனேன். இன்னிக்குத் தம்பி நெல்லாச்சே, பெரிய பாட்டிலா கொண்டாந்தேன்."

திரும்பி வந்த செல்வராஜ் அதைக் கேட்டுவிட்டு ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். செப்பரேட்டர் இருந்த காலமெல்லாம் அது அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதைக் கழற்றிய பிறகு மொத்தமும் பம்புக்குப் போயிருக்கிறது. நானும் அதே கோயிலுக்குப் போகிறவள்தான். திட்டவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

"என் தம்பி நெல்ல நானே கெடுத்துட்டேனாக்கா?" என்று கேட்டாள். "இவரு உங்களச் சொன்னாரு, அப்புறம் பங்க்காரரச் சொன்னாரு. நான் யாரையும் ஒண்ணும் சொல்லலியே. ஜெபந்தான பண்ணேன்."

தண்ணீர் போகும்வரை டேங்கை மறுபடி வடித்தோம். வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. மழைக்கு முன்னால் மேட்டுப் பக்கம் முழுக்க அறுத்தாகிவிட்டது. பள்ளத்தில் கிடந்தது முளைத்துப் போயிற்று, அதைக் காப்பாற்ற முடியவில்லை. பாட்டிலில் மிச்சம் இருந்ததை லூர்து வண்டியின் நெற்றியில் தெளித்தாள். நானும் குனிந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டேன்.

4. இப்போது நான் கேட்பது

அதற்குப் பிறகு யார் பம்பு கேட்டு வந்தாலும், எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால், "டேங்க்ல டீசலத் தவிர வேற என்ன ஊத்துறீங்க?" என்று கேட்கிறேன். முதலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று காத்திருப்பேன். அப்புறம் வருகிற பதில்கள் என்னைத் தூக்கிவாரிப் போட்டன. ஆயுத பூஜை அன்றைக்குக் கலசத் தண்ணீர் ஊற்றியதாக ஒருவர் சொன்னார். தர்காவில் ஓதிக் கொடுத்த தண்ணீர் என்றார் இன்னொருவர். இன்ஜினுக்கு நல்லதென்று யாரோ சொல்லக் கற்பூரம் கரைத்து விட்டவரும் உண்டு. இத்தனை வருடம் இவர்கள் எல்லோருக்கும் பம்பின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன வாரம் சீர்காழியிலிருந்து வந்தவர் விவரமானவர். விரலை வைத்து இழுத்துப் பார்த்தே பம்பைத் தேர்ந்தெடுத்தார். என் கேள்வியைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பம்பை மெதுவாகக் கவுண்ட்டர் மேல் வைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றார். "வீட்டுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன்."